சம்பளக் கணக்கு நிரலின் சிக்கலை அளந்து குறைப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் பழம் வெட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் ஒருவரிடம், யாரோ பைத்தான் மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன சம்பளக் கணக்கு நிரல் ஒன்று இருந்தது. 2025 அக்டோபர் மாதச் சம்பளத்திலிருந்து அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்கும் ஊழியர் சேமநிதிச் சந்தா, முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு என்று கட்டாயமானபோது, அந்த ஒரு விதியை நிரலில் சேர்த்துத் தரும்படி என்னிடம் கேட்டார்கள். இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்ட அந்த வேலை பதினோரு வாரம் இழுத்தது. அதில் முதல் ஐந்து வாரம் முழுவதும் வீண். கூலி கணக்கிடும் செயற்கூறு (நாம் வாய்ப்பேச்சில் ஃபங்ஷன் என்பதுதான்) ஒன்றே 412 வரி நீளமாக, நிபந்தனைக்குள் நிபந்தனையாக ஏழு படி உள்ளே போயிருந்தது. எங்கே கை வைத்தாலும் வேறெங்கோ கணக்கு உதைத்தது.

எந்த வரிசையில் செய்திருந்தால் அந்த ஐந்து வாரம் மிஞ்சியிருக்கும் என்பதை, பிறர் எழுதிய நிரலை முதன்முறையாகக் கையில் வாங்கும் உங்களுக்காகக் கீழே எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் சம்பளக் கணக்கிலிருந்து வந்தாலும், மளிகைக்கடைச் சரக்கு நிரலுக்கும் பள்ளிக் கட்டண நிரலுக்கும் இதே வரிசை பொருந்தும்.

1. நிரலைத் திறப்பதற்கு முன் நான்கு ஆவணங்களைத் திரட்டுங்கள்

முதலாவது, பழைய வெளியீடுகள். நிரல் இதுவரை அச்சிட்ட சம்பளச் சீட்டுகளும், அவற்றுக்கு அடிப்படையான செக்ரோல் (தோட்டத்தின் வருகை, வேலைப் பதிவேடு) பதிவுகளும் குறைந்தது ஓராண்டுக்கு வேண்டும். ஓராண்டு என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு போன்ற பொது விடுமுறைகளும், மழைக்காலத்தில் வேலை நின்ற நாள்களும், ஆள் புதிதாகச் சேர்ந்த, பாதி மாதத்தில் விலகிய மாதங்களும் அந்தக் கட்டுக்குள் வந்துவிட வேண்டும். எனக்கு 14 மாதங்களுக்கான 512 சீட்டுகள் கிடைத்தன.

இரண்டாவது, விதிகளின் பட்டியல். நிரல் என்ன செய்கிறது என்பதை நிரலிலிருந்து தெரிந்துகொள்ள முயலாமல், கணக்குப் பார்க்கும் கிராணியிடம் உட்கார்ந்து, அவர் வாயால் சொல்வதை வரி வரியாக எழுதி வாங்குங்கள். குலைக்கு என்ன விலை, உதிரிப் பழத்திற்கு என்ன விலை, பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) வந்துவிட்டு மழையால் திரும்பியவருக்கு என்ன கணக்கு என்பன போன்றவை எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருக்காது. எழுதி முடித்ததும் தேதியிட்டு அவரிடமே ஒரு முறை படித்துக் காட்டுங்கள்.

மூன்றாவது, நிரலின் பழைய பிரதிகள். பதிப்பு வரலாற்றைக் காக்கும் கிட் போன்ற கருவியை முந்தையவர் பயன்படுத்தியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். எனக்கு ஒரு தம்ப் டிரைவில் 'புதியது', 'புதியது2', 'கடைசி', 'கடைசி உண்மை' என்ற பெயர்களில் ஒன்பது கோப்புறைகள்தாம் கிடைத்தன. அவற்றையும் தூக்கிப் போடாதீர்கள்; ஐந்தாம் படியில் அவை கைகொடுக்கும்.

நான்காவது, நாள்தோறும் நீங்கள் எழுதும் மாற்றக் குறிப்பேடு. இது வெறும் பள்ளிக் கொப்பியாக இருந்தாலும் போதும்.

எச்சரிக்கை ஒன்று: சம்பளச் சீட்டில் பெயர், அடையாள அட்டை எண், கடப்பிதழ் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கும். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாட்டில், அந்தச் சீட்டுகளை அப்படியே கணினியில் ஏற்றி வைத்துக்கொள்வது சரியல்ல. பெயருக்குப் பதிலாக ஆள் 1, ஆள் 2 என்று மாற்றி, எண்களை நீக்கிய பின்னரே சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். குடியுரிமை, வயது, கூலி முறை ஆகிய மூன்றும் கணக்கைப் பாதிக்கும் என்பதால் அவற்றை மட்டும் விட்டு வையுங்கள்.

2. செலவையும் நாள்காட்டியையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

கருவிகளுக்குக் காசு செலவில்லை. நான் பயன்படுத்திய ரேடான், லிசார்ட், ரஃப் ஆகிய மூன்றும் நிரலின் சிக்கலை அளக்க இலவசமாகக் கிடைக்கும் திறமூலக் கருவிகள். என் கையிலிருந்து போனவை இவைதாம்: சீட்டுகளை நகலெடுக்க 60 வெள்ளி (ரிங்கிட்), தனியாக ஒரு தம்ப் டிரைவ் வாங்க 38 வெள்ளி, சீட்டுகளைத் தட்டச்சு செய்து உதவிய அக்கா மகளுக்கு 150 வெள்ளி. ஆக மொத்தம் 248 வெள்ளி. சீட்டு ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் 512 சீட்டுக்குப் பதினேழு மணி நேரம் ஆகும். இந்தப் பதினேழு மணி நேரத்தை மிச்சப்படுத்தப் பார்த்ததுதான் என்னுடைய முதல் ஐந்து வார வீணுக்குக் காரணம்.

நாள்காட்டியைப் பொறுத்தவரை, 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆகவே மாதத்தின் முதல் ஏழு நாளும், கணக்கு மூடத் தொடங்கும் 25-ஆம் தேதியிலிருந்தும் நிரலில் கை வைப்பதில்லை என்று குத்தகைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 8 முதல் 24 வரைதான் உங்கள் வேலை நாள்கள். பகலில் வேறு வேலைக்குப் போகிறவராயின், மாதத்திற்கு ஐந்தாறு நல்ல வேலை நாள்கள் தேறினால் பெரிது. இதைக் கணக்கில் கொள்ளாமல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

3. கருவிகளை நிறுவுங்கள்

பைத்தானுக்கு ரேடான் போதும். அதில் சீசீ என்ற கட்டளைக்குப் பின் கோப்புறையின் பெயரைக் கொடுத்தால் ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்துத் தரம் வரும். எஸ் என்ற விருப்பத்தையும் சேர்த்தால்தான் எழுத்துடன் சிக்கலின் அளவைக் காட்டும் எண்ணும் வரும். 1 முதல் 5 வரை ஏ, 6 முதல் 10 வரை பி, 11 முதல் 20 வரை சி, 21 முதல் 30 வரை டி, 31 முதல் 40 வரை இ, 41-உம் அதற்கு மேலும் எஃப். ஜாவா, சி, ஜாவாஸ்கிரிப்ட் என்று பல மொழிகள் கலந்த நிரலாயின் லிசார்ட் பொருத்தமானது. ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் என்றால் ஈஎஸ்லின்ட் என்ற சரிபார்ப்புக் கருவியிலேயே இதற்கான விதி இருக்கிறது. எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வேலை முடியும் வரை அதையே பயன்படுத்துங்கள். ஏன் என்பது அடுத்த படியில் விளங்கும்.

4. எண் எப்படி வருகிறது என்பதைக் கையால் ஒரு முறை எண்ணிப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கருவி 47 என்று சொன்னால், அந்த 47 எதிலிருந்து வந்தது என்று தெரியாதவர் அதைக் குறைக்கவும் முடியாது, குறைந்தது என்று நம்பவும் முடியாது.

எண்கள் இரண்டு வகை. தாமஸ் மெக்கேப் 1976-இல் வெளியிட்ட சைக்ளோமேட்டிக் எண், ஒரு செயற்கூற்றுக்குள் ஒன்றுக்கொன்று சாராத எத்தனை பாதைகள் உள்ளன என்று சொல்வது. ஒரே செயற்கூற்றைப் பொறுத்தவரை கணக்கு எளிது: முடிவெடுக்கும் இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்ட வேண்டும். 'எனில்' ஒவ்வொன்றும் ஒன்று, மடக்கு (லூப்) ஒவ்வொன்றும் ஒன்று. 'இல்லையேல்' தனியாக எண்ணப்படாது. மெக்கேப் சொன்ன வரம்பு 10. சோனார்சோர்ஸ் நிறுவனம் பின்னர் கொண்டு வந்த காக்னிட்டிவ் எண், படிப்பவர் மனத்தில் தாங்க வேண்டிய சுமையை எண்ணுவது. அதில் ஒரு நிபந்தனை எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு கூடுதலாகத் தண்டம் விழும், 'இல்லையேல்' என்பதற்கும் ஒன்று விழும்.

நாள்கூலி வாங்குபவருக்கு வேலைச் சட்டம் சொல்லும் கணக்கை எடுத்துக்கொள்வோம். இயல்பான வேலை நேரம் எட்டு மணி. இயல்பு நாளில் அதைத் தாண்டினால் மணிக்கூலியில் ஒன்றரை மடங்கு. ஓய்வு நாளில் பாதி நேரத்தைத் தாண்டாமல் வேலை செய்தால் ஒரு நாள் கூலி, அதைத் தாண்டி எட்டு மணி வரை என்றால் இரண்டு நாள் கூலி, எட்டைத் தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் இரண்டு மடங்கு. பொது விடுமுறையில் விடுமுறைக்கான கூலியுடன் மேலும் இரண்டு நாள் கூலி, எட்டைத் தாண்டினால் மூன்று மடங்கு. இதை ஒரு புதியவர் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்:

பொது விடுமுறை எனில்:
— நேரம் 8-க்கு மேல் எனில்: 3 நாள் கூலியும் மிகைக்கு மும்மடங்கும்
— இல்லையேல்: 3 நாள் கூலி
இல்லையேல், ஓய்வு நாள் எனில்:
— நேரம் 4 வரை எனில்: 1 நாள் கூலி
— இல்லையேல், நேரம் 8 வரை எனில்: 2 நாள் கூலி
— இல்லையேல்: 2 நாள் கூலியும் மிகைக்கு இருமடங்கும்
இல்லையேல்:
— நேரம் 8-க்கு மேல் எனில்: 1 நாள் கூலியும் மிகைக்கு ஒன்றரை மடங்கும்
— இல்லையேல்: 1 நாள் கூலி

'எனில்' என்ற சொல்லை எண்ணுங்கள்: ஆறு. ஒன்றைக் கூட்டினால் சைக்ளோமேட்டிக் எண் 7. முடிவில் நிற்கும் கூலி வகைகளும் ஏழு என்பதைக் கவனியுங்கள். இதைச் சோதிக்க ஏழு வகைச் சீட்டுகள் வேண்டும் என்பதே அந்த எண் உங்களுக்குச் சொல்லும் பயனுள்ள செய்தி. காக்னிட்டிவ் முறையில் எண்ணினால், வெளியில் உள்ள மூன்று கிளைகளுக்கு மூன்று, உள்ளே தொடங்கும் மூன்று நிபந்தனைகளுக்கு இரண்டிரண்டாக ஆறு, உள்ளே உள்ள 'இல்லையேல்' வரிகள் நான்குக்கு நான்கு, ஆக 13.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'இதுவும் அதுவும் எனில்' என்று இரண்டு நிபந்தனைகளை ஒரே வரியில் இணைத்தால் ரேடான் அந்த 'உம்'மையும் ஒன்றாக எண்ணும், லிசார்ட்டும் எண்ணும், ஆனால் ரஃப், ஃபிளேக்8 ஆகிய கருவிகளில் சிக்கலை அளக்கும் சி901 என்ற விதி எண்ணாது. ஒரே செயற்கூற்றுக்கு ஒரு கருவி 31 என்றும் இன்னொன்று 24 என்றும் சொன்னபோது, எனக்குத் தெரியாமல் நிரல் மாறிவிட்டதோ என்று ஒரு சனிக்கிழமை முழுவதும் தேடினேன். கருவியை மாற்றினால் பழைய எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

5. முழுவதையும் அளந்து, தொட வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுங்கள்

முதல் அளவீட்டின் வெளியீட்டைத் தேதியுடன் ஒரு கோப்பில் சேமித்து, அச்சிட்டுக் குறிப்பேட்டில் ஒட்டிவிடுங்கள். என் நிரலில் மொத்தம் 64 செயற்கூறுகள். அவற்றில் 10-ஐத் தாண்டியவை ஒன்பது. கூலிக் கணக்கு 47 எடுத்து எஃப் தரத்தில் நின்றது.

ஒன்பதையும் சரிசெய்யக் கை துடிக்கும். செய்யாதீர்கள். எண் பெரிதாக இருப்பது மட்டும் ஒரு செயற்கூற்றைத் தொடுவதற்குப் போதிய காரணமல்ல. அடிக்கடி மாறுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கிட் இருந்தால் அதன் வரலாற்றில் எந்தக் கோப்பு எத்தனை முறை மாறியது என்று எண்ணலாம். இல்லாவிட்டால், என்னைப் போல் அந்தப் பழைய கோப்புறைகளை வரிசைப்படுத்தி, அடுத்தடுத்த இரண்டு பிரதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். கூலிக் கணக்குக் கோப்பு ஒன்பது பிரதிகளிலும் வெவ்வேறாக இருந்தது. சேமநிதிக் கோப்பு நான்கு முறை மாறியிருந்தது. 22 எடுத்திருந்த அறிக்கை அச்சிடும் செயற்கூறு ஒரு முறைகூட மாறவில்லை. ஆகவே என் பட்டியல் இரண்டாகச் சுருங்கியது.

பராமரிப்புக் குறியீடு என்று 100-க்கு இவ்வளவு எனத் தரும் இன்னோர் அளவும் ரேடானில் இருக்கிறது. வரி எண்ணிக்கையையும் வேறு சில அளவுகளையும் கலந்து வருவதால், குறைந்தால் எதைச் சரிசெய்வது என்று அதிலிருந்து தெரியாது. நான் அதைப் பார்ப்பதில்லை.

6. பழைய சீட்டுகளைக் கொண்டு காவல் போடுங்கள்

நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றுவதற்கு முன்பு, செக்ரோல் பதிவைக் கொடுத்தால் பழைய சீட்டில் இருந்த அதே தொகை சென் பிசகாமல் வருகிறதா என்று தானாகவே சரிபார்க்கும் சோதனையை எழுதுங்கள். இதற்குச் சாமர்த்தியம் தேவையில்லை. அட்டவணைக் கோப்பிலிருந்து ஒரு வரியைப் படித்து, செயற்கூற்றை அழைத்து, வந்த விடையைச் சீட்டில் உள்ள தொகையுடன் ஒப்பிடும் ஒரு மடக்கு போதும். 512 சீட்டுகளையும் என் பழைய மடிக்கணினி சில வினாடிகளில் ஒப்பிட்டுவிடுகிறது.

எனக்கு முதலில் இது இல்லை. ஐந்தாம் வாரத்தில், கண்ணுக்கு அழகாகப் பிரித்து எழுதிய நிரலை ஒரு மாதச் சம்பளத்திற்கு ஓடவிட்டபோது 23 பேருடைய தொகை மாறியிருந்தது. பெரிய வேறுபாடு அல்ல. மிகப் பெரிய வேறுபாடே 11 சென்தான். பழைய நிரல் மாதக் கூட்டுத்தொகையை எடுத்த பிறகு ஒரே ஒரு முறை சென்னுக்கு முழுமையாக்கியது. நான் பிரித்தெடுத்த சிறு செயற்கூறு ஒவ்வொரு நாளின் கூலியையும் முழுமையாக்கிவிட்டுக் கூட்டியது. கிராணி சீட்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "தம்பி, பதினோரு சென்னா இருந்தாலும் செக்ரோல் இடிக்குது. பழைய கணக்கையே போட்டுக் குடுங்க" என்றார். அன்று இரவே பழைய பிரதியை மீண்டும் ஏற்றிக் கொடுத்துவிட்டு, மறுநாள் சீட்டுகளைத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன்.

காசுக் கணக்கில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பைத்தானின் ரவுண்ட் என்ற செயற்கூறு சரிபாதியில் நிற்கும் எண்ணை மேலே ஏற்றாமல், இரட்டைப்படை எண்ணின் பக்கம் சாய்க்கும், 0.125-ஐ அது 0.13 ஆக்காது, 0.12 ஆக்கும். புதிதாக எழுதுவதாயின் டெசிமல் வகையைப் பயன்படுத்தி, முழுமையாக்கும் முறையை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். பழைய நிரலைச் சீரமைக்கும்போது மட்டும் அது எப்படிச் செய்கிறதோ அப்படியே விட்டுவிடுங்கள்.

7. இப்போது குறையுங்கள்

வரிசை முக்கியம். கீழே உள்ள நான்கையும் இந்த ஒழுங்கில் செய்யுங்கள். ஒவ்வொரு சிறு மாற்றத்திற்குப் பிறகும் சோதனையை ஓட்டி, சரியாக வந்தால் உடனே கிட்டில் பதிந்துவிடுங்கள்.

அ) பெயர்களைச் சரிசெய்யுங்கள். இதனால் எண் ஒன்றுகூடக் குறையாது. ஆனாலும் இதுவே முதலில் வர வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர், பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தத் தொகைக்கு 'காஜி' என்றும், நாள் கூலிக்குக் 'கூலி' என்றும், கையில் கிடைக்கும் தொகைக்குச் 'சேலரி' என்றும் பெயரிட்டிருந்தார். மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் கலந்து பேசும் நம் ஊரில் இம்மூன்றும் ஒரே பொருளாகத்தான் காதில் விழும். கருவி இதை ஒருபோதும் கண்டுபிடிக்காது. மூன்று மொழியில் எதையேனும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, ஒரு பொருளுக்கு ஒரு பெயர் என்று வைத்தபின், அடுத்த வேலைகள் பாதியாகக் குறைந்தன.

ஆ) வெளியேற வேண்டியவற்றை முதலிலேயே வெளியேற்றுங்கள். 'வேலைக்கு வந்திருந்தால்' என்று தொடங்கி, அதற்குள் 'விலகாதவராக இருந்தால்' என்று போய், அதற்குள் 'நாள்கூலிக்காரராக இருந்தால்' என்று போய், 300 வரிக்குப் பிறகு அவற்றுக்கான 'இல்லையேல்' வரிகள் மூன்றும் அடுக்காக வந்தால் யாராலும் பொருத்திப் பார்க்க முடியாது. வராதவருக்கு விடை பூச்சியம், திரும்பு. விலகியவருக்கு இன்ன கணக்கு, திரும்பு. என்று மேலேயே முடித்துவிட்டால் எஞ்சிய நிரல் இடப்பக்கம் நகர்ந்துவிடும். சைக்ளோமேட்டிக் எண் இதனால் மாறாது. காக்னிட்டிவ் எண் வெகுவாகச் சரியும்.

இ) தரவாக இருக்க வேண்டியவற்றை நிபந்தனையிலிருந்து அட்டவணைக்கு மாற்றுங்கள். உண்மையான குறைப்பு இங்கேதான் நடக்கிறது. நான்காம் படியில் எழுதிய கூலிக் கணக்கை மறுபடி பாருங்கள். நாளின் வகைக்கு ஏற்ப மாறுபவை இரண்டே எண்கள்தாம்: எத்தனை நாள் கூலி, மிகை நேரத்திற்கு எத்தனை மடங்கு. அவற்றை எழுதி வைத்தால்,

இயல்பு நாள்: 1, 1.5
ஓய்வு நாள்: 2, 2
பொது விடுமுறை: 3, 3

என்று மூன்று வரியில் அடங்கிவிடுகிறது. எட்டு மணியைக் கழித்து வருவதற்கும் பூச்சியத்திற்கும் பெரியதை மிகை நேரம் என்று எடுத்துக்கொண்டால் 'எட்டைத் தாண்டினால்' என்ற நிபந்தனையே தேவையில்லை. அட்டவணைக்குள் அடங்காமல் நிற்பது ஒன்றுதான்: 'ஓய்வு நாளாகவும் நேரம் 4-க்குள்ளாகவும் இருந்தால் 1 நாள் கூலி'. ரேடான் எண் 7-இலிருந்து 3 ஆகிறது. காக்னிட்டிவ் எண் 13-இலிருந்து 2 ஆகிறது. கிராணியிடம் இந்த அட்டவணையைக் காட்டலாம்; அவரே சரிபார்த்து ஒப்புதல் தருவார். பழைய நிரலைக் காட்டி அவரிடம் ஒப்புதல் வாங்கியிருக்க முடியாது.

தேதியால் மாறும் விதிகளும் இப்படியே. குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியாக உயர்ந்தது, ஐந்து பேரும் அதற்கு மேலும் வைத்திருப்பவர்களுக்கு 2025 பிப்ரவரி 1 முதல், அதற்குக் குறைந்தவர்களுக்கு ஆகஸ்ட் 1 முதல் என்று இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. இதை 'இந்தத் தேதிக்குப் பின் எனில்' என்று நிரலுக்குள் நுழைத்தால் அடுத்த உயர்வுக்கு இன்னொரு கிளை முளைக்கும். தேதி, முதலாளி வகை, தொகை என்ற மூன்று பத்திகளில் எழுதி வைத்தால் அடுத்த முறை ஒரு வரி சேர்த்தால் போதும். சேமநிதிச் சந்தாவையும் 11 விழுக்காடு, 13 விழுக்காடு என்று நீங்களாகப் பெருக்கிப் பார்க்காமல், சேமநிதிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள தொகைகளையே கோப்பாக ஏற்றுங்கள். பெருக்கி வரும் தொகையும் அட்டவணைத் தொகையும் எல்லா நேரமும் ஒன்றாக இருப்பதில்லை.

ஈ) கடைசியாகப் பிரித்தெடுங்கள். நீண்ட செயற்கூற்றை எங்கே வெட்டுவது என்பதற்கு என் அளவுகோல் இதுதான்: வெட்டியெடுத்த துண்டுக்குக் கிராணிக்குப் புரியும் ஒரு பெயர் வைக்க முடிய வேண்டும். 'உதிரிப் பழக் கூலி', 'முன்பணப் பிடித்தம்' என்பன பெயர்கள். 'பகுதி2' என்பது பெயரல்ல.

8. எண்ணை ஏமாற்றாதீர்கள்

பிரிப்பதால் மொத்தச் சிக்கல் குறையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 47 என்ற எண்ணுக்குள் முடிவெடுக்கும் இடங்கள் 46. அவற்றில் ஒன்றையும் நீக்காமல் பதினோரு செயற்கூறுகளாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் ஒன்று கூடும் என்பதால் கூட்டுத்தொகை 57 ஆகிவிடும். அறிக்கையில் மட்டும் எல்லாம் ஏ, பி என்று பச்சையாகத் தெரியும். நான் முதல் ஐந்து வாரத்தில் செய்தது சரியாக இதுதான். துண்டுகளுக்கிடையில் ஒன்பது ஒன்பது அளபுருக்களை (செயற்கூற்றை அழைக்கும்போது கொடுக்கும் மதிப்புகளை) கடத்திக்கொண்டு, ஒரு கூலி எப்படி வந்தது என்று பார்க்க ஆறு கோப்பைத் திறக்க வேண்டிய நிலையில் இருந்தேன். ஆகவே பெரிய எண் எது என்பதோடு, முழுக் கோப்பின் கூட்டுத்தொகையையும் குறித்துக்கொள்ளுங்கள். அளபுருக்கள் ஐந்தைத் தாண்டினால் பைலின்ட் என்ற சரிபார்ப்புக் கருவி எச்சரிக்கும்; அந்த எச்சரிக்கையையும் திறந்து வையுங்கள்.

அடுத்த பொறி, சீரமைக்கும்போதே பிழை திருத்துவது. என் நிரலில் ஓய்வு நாள் நிபந்தனை '4 வரை' என்று இல்லாமல் '4-ஐ விடக் குறைவு' என்று இருந்தது. சரியாக நான்கு மணி வேலை செய்தவருக்கு, சட்டப்படி ஒரு நாள் கூலி போதுமாக இருக்க, இரண்டு நாள் கூலி போய்க்கொண்டிருந்தது. பிழை கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமையில் திருத்திவிட்டேன்; சோதனையில் ஒன்பது சீட்டுகள் இடித்தன. கிராணியிடம் கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் வந்தாலே இரண்டு நாள் கூலி என்று குத்தகைக்காரர் ஆள்களிடம் பேசி வைத்திருந்தது தெரியவந்தது. சட்டம் சொல்வது குறைந்த அளவு. அதற்கு மேல் கொடுப்பது அவர்களுக்குள் உள்ள ஏற்பாடு. திருத்தத்தைப் பின்வாங்கி, அந்த வரிக்கு மேல் காரணத்தை எழுதி, விதிப் பட்டியலிலும் சேர்த்தேன். பிழை என்று உங்களுக்குத் தோன்றுவதைக் குறிப்பேட்டில் எழுதிக் கேளுங்கள். உறுதியானால் தனி மாற்றமாகச் செய்யுங்கள்.

9. வரம்பு வைத்து, ஒரு மாதம் இரட்டைக் கணக்கு ஓட்டுங்கள்

ரஃப் கருவியில் சி901 விதி தானாக இயங்காது. நீங்கள்தான் அதைத் திறந்துவிட வேண்டும். திறந்தால் வரம்பு இயல்பாகவே 10. கிட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் முன் அது ஓடும்படி அமைத்துவிட்டால், பத்தைத் தாண்டிய புதிய செயற்கூறு உள்ளே நுழையாது. ஏற்கெனவே தாண்டி நிற்பவற்றுக்கு, இதை எச்சரிக்காதே என்று கருவிக்குச் சொல்லும் நோக்யூஏ குறிப்பைப் போட்டு, அருகில் காரணத்தையும் எழுதுங்கள். காரணமில்லாத குறிப்பு ஆறு மாதத்தில் உங்களுக்கே புதிராகிவிடும்.

சோதனைகள் எல்லாம் தேறினாலும் புதிய நிரலை உடனே சம்பளத்திற்குப் பயன்படுத்தாதீர்கள். ஒரு முழு மாதத்திற்குப் பழையதையும் புதியதையும் சேர்த்தே ஓட்டி, சம்பளத்தைப் பழையதிலிருந்து கொடுத்து, இரண்டின் தொகைகளையும் கிராணி ஒப்பிட்டுக் கையெழுத்திட்ட பிறகு மாற்றுங்கள். அந்தக் கையெழுத்துத் தாள் உங்கள் ஐந்தாவது ஆவணம்.

10. நிறுத்த வேண்டிய இடம்

அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்கான அந்த 2 விழுக்காடு விதியை, எல்லாம் முடிந்த பிறகு சேர்த்தேன். சந்தா அட்டவணைக் கோப்பில் ஒரு பகுதியும், எந்தப் பகுதியைப் படிப்பது என்று குடியுரிமையைப் பார்த்து முடிவெடுக்கும் ஒரு நிபந்தனையும் தேவைப்பட்டன. வேலை நாற்பது நிமிடம். அதற்கான சோதனைச் சீட்டுகளைக் கிராணியுடன் உட்கார்ந்து கையால் கணக்கிட்டு எழுத ஒன்றரை மணி நேரம்.

கூலிக் கணக்கில் இப்போது மிகப் பெரிய செயற்கூற்றின் எண் 9. சேமநிதிக் கோப்பில் 6. அறிக்கை அச்சிடும் செயற்கூறு இன்னமும் 22-இல்தான் நிற்கிறது. சீட்டின் வடிவத்தை மாற்ற வேண்டும் என்று யாராவது கேட்கும் நாளில் அதைத் திறப்பேன்.